ஸ்ட்ராபெர்ரியை அளப்பதா, நிறுப்பதா?

மலைச்சமையல்:
ஊட்டியிலிருந்து எழுதுகிறேன். போன ஞாயிறு ஸ்ட்ராபெர்ரி ஜாம் போட்டேன், மிட்டாய் கிடைத்தது. பார்த்துச் செய்தது ஓர் அமெரிக்கக் குறிப்பு: பழம் 4 கப், சர்க்கரை 4 கப், ஒரு எலுமிச்சையின் சாறு. பழத்தைக் கழுவி, காம்பு கிள்ளி, முழுசாகவே கப்பில் போட்டு 4 கப் எடுத்தேன். அப்புறம்தான் மசித்தேன். சர்க்கரை 4 கப், தலைதட்டி. குறிப்பில் சொன்னபடி தெர்மாமீட்டர் 105 டிகிரி காட்டும்வரை கிண்டினேன். ஆறியதும் கரண்டி உள்ளே இறங்கவில்லை, தித்திப்பும் தாங்கவில்லை. தப்பு கப்பிலா, என் கையிலா?

தராசுமுள்:
கப்பில்தான், சந்தேகமே வேண்டாம். ஃபிரிட்ஜில் பழம் இருந்தது, இப்போதே நிறுத்துப் பார்த்தேன். 240 மி.லி. கப். முழுப் பழமாகப் போட்டால் எட்டோ ஒன்பதோதான் பிடிக்கிறது, பழத்துக்குப் பழம் இடையில் விரல் விடலாம் போல சந்து. எடை 143 கிராம். அதே கப்பில் வில்லையாக நறுக்கிப் போட்டேன்: 168. மசித்து ஊற்றினேன்: 232. பெயர் ஒன்று, ‘ஒரு கப் ஸ்ட்ராபெர்ரி’. சரக்கு மூன்று.

உங்கள் 4 கப் முழுப் பழம் 570 கிராம் சுமாருக்கு வரும். சர்க்கரை கப்புக்கு 200 கிராம், ஆக 800. பழத்தைவிடச் சர்க்கரை கூடுதல், மிட்டாய் ஆகாமல் என்ன ஆகும்? எழுதியவர் மசித்த பழத்தை நினைத்து எழுதியிருப்பார், அது 900 கிராமுக்கு மேல். கிராமில் எழுதியிருந்தால் இந்த வம்பே இல்லை. கப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு 700 ரூபாய்க்கு ஒரு தராசு வாங்குங்கள்.

ஆழாக்கு:
தம்பி, ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றுதான் பெரியவர்கள் சொன்னார்கள், நிறுத்துப் போடச் சொல்லவில்லை 😊

நீங்கள் சொன்ன கணக்கே உங்களுக்கு எதிராக இருக்கிறதே. மசித்த பிறகு சந்து ஏது? மசித்த பழத்தைக் கப்பில் அளந்தால் இன்றைக்கும் நாளைக்கும் ஏறக்குறைய ஒரே எடைதான். அமெரிக்காவில் பெக்டின் (ஜாமை உறைய வைக்கும் பொருள்) பாக்கெட்டோடு வரும் குறிப்பைப் படியுங்கள்: மசித்த பழம் 5 கப், சர்க்கரை 7 கப் என்று இருக்கும். அங்கே வீட்டுக்கு வீடு அதை வைத்துத்தான் போடுகிறார்கள், உறைகிறது. மகள் வீட்டில் மூன்று கோடை நானே போட்டிருக்கிறேன்.

கோளாறு எங்கே தெரியுமா? அளந்துவிட்டு மசித்ததில். ஆங்கிலக் குறிப்பில் ஒரு காற்புள்ளிதான் வித்தியாசம். ‘நறுக்கிய ஸ்ட்ராபெர்ரி 2 கப்’ என்றால் நறுக்கிவிட்டு அளக்க வேண்டும். ‘ஸ்ட்ராபெர்ரி 2 கப், நறுக்கியது’ என்றால் அளந்துவிட்டு நறுக்க வேண்டும். நம் பத்திரிகைகளில் ‘வெங்காயம் 1 கப் (பொடியாக நறுக்கியது)’ என்று போடுவதும் இதே குழப்பம்தான், வெங்காயமாக இருப்பதால் தப்பிக்கிறோம்.

தராசுமுள்:
அம்மா, காற்புள்ளியை நம்பி அடுப்பு பற்ற வைக்கச் சொல்கிறீர்களே! சரி, மசித்தே அளக்கிறோம். எந்தக் கப்பில்? அமெரிக்கக் கப் 237 மி.லி., ஆஸ்திரேலியாவில் 250. நம் கடை செட்டில் சிலது 240, சிலது 250. என் வீட்டில் ‘கப்’ என்று புழங்குவது காபி டம்ளர்.

ஆழாக்கு:
டம்ளராகவே இருக்கட்டும். பழத்துக்கும் சர்க்கரைக்கும் ஒரே டம்ளர் என்றால் விகிதம் எங்கே போகும்?

இன்னொன்று. தராசு மட்டும் ரொம்ப யோக்கியமா? ‘500 கிராம் ஸ்ட்ராபெர்ரி’ என்கிறார்கள், காம்போடா, கிள்ளிய பிறகா? அதிலேயே 30 கிராம் போகும். டப்பாவில் 200 கிராம் என்று அச்சடித்திருப்பான், திறந்தால் அடியில் இரண்டு அழுகல். மழைக்குப் பிறகு வரும் பழம் வேறு சப்பென்று நீர் கோத்திருக்கும். அந்த நீரையும் உங்கள் தராசு பழம் என்றுதான் சொல்லும்.

தராசுமுள்:
விகிதம் சரி, ஜாமுக்கு ஒத்துக்கொள்கிறேன். காம்பு விஷயத்திலும் குறிப்பு எழுதுகிறவர்கள் ஒழுங்காக எழுத வேண்டும்தான். ஆனால் கேக்குக்கு வாருங்கள். கப் பெரிதானால் பழக்கூழும் மாவும் கூடும். முட்டை கூடுமா? அது இரண்டு என்றால் இரண்டுதான். எழுதியவர் வில்லைகளைச் சொல்லி, நீங்கள் கூழை ஊற்றினால் கப்புக்கு 60 கிராமுக்கு மேல் அதிகம், அதில் பெரும்பகுதி தண்ணீர். நடுவில் வேகாத கேக்கை நான் சாப்பிட்டிருக்கிறேன், அதுவும் என் பிறந்தநாளுக்கு.

பூமுழம்:
எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று நாலு அளவை சொன்ன ஊரில் இரண்டுக்கு மட்டும் சண்டையா? ‘நடுத்தர அளவுப் பழம் 12’ என்று எண்ணிக்கையில் எழுதுகிறவர்களை யாரும் திட்டவில்லையே. என் சந்தைப் பழத்தில் ஒன்று சுண்டைக்காய், ஒன்று எலுமிச்சை.

படுகைத்தோட்டம்:
குன்னூரிலிருந்து. இரண்டு பேரும் கப்பையும் தராசையும் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள், அவர் 105 டிகிரி என்று எழுதியதை யாரும் படிக்கவில்லையா?

அந்த 105 கடல் மட்டத்துக் கணக்கு, தண்ணீர் 100-ல் கொதிக்கும் ஊருக்கு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 93-க்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். கொதிநிலைக்கு மேல் நாலைந்து டிகிரி ஏறினால் ஜாம் பதம். ஆக உங்களுக்கு 97, 98-லேயே அடுப்பை அணைத்திருக்க வேண்டும். 105 வரை போனீர்கள் என்றால் சென்னையில் 112 வரை காய்ச்சியதற்குச் சமம், அது மிட்டாய்ப் பதம். பழத்தை மில்லிகிராம் சுத்தமாக நிறுத்திருந்தாலும் கரண்டி இறங்கியிருக்காது.

தராசுமுள்:
இது எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் கெட்டியானதற்குத்தான் இது காரணம், தித்திப்புக்குச் சர்க்கரை கூடியதும் காரணம். என் கட்சி பாதி பிழைத்தது.

ஆழாக்கு:
கூடியது கப்பால் இல்லை, வரிசை மாறியதால். உங்கள் கட்சி காலும் பிழைக்கவில்லை தம்பி.

மலைச்சமையல்:
இப்போது வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பார்த்தேன், தெர்மாமீட்டர் 93-லேயே நின்றுவிட்டது. மீதிப் பழம் ஒரு டப்பா இருக்கிறது. முதலில் மசித்து, அப்புறம் கப்பில் அளந்து, இருவருக்கும் வருத்தம் வேண்டாம் என்று பக்கத்து வீட்டுத் தராசிலும் வைத்தேன்: முக்கால் கப், 176 கிராம். 97-ல் நிறுத்தப் போகிறேன். அது இருக்கட்டும், பழைய மூன்று பாட்டிலை என்ன செய்வது?

ஆழாக்கு:
பாட்டிலை வெந்நீரில் நிற்கவையுங்கள், இளகும். பாத்திரத்தில் கொட்டி, கொஞ்சம் தண்ணீரும் அரை மூடி எலுமிச்சையும் விட்டு ஒரு கொதி. தண்ணீர் எவ்வளவு என்று கேட்காதீர்கள், கரண்டியிலிருந்து வழிவதைப் பார்த்து விடுங்கள்.

தராசுமுள்:
‘கொஞ்சம்’! 😭