டெல்லி – லே: 620 கிலோமீட்டருக்கு ஏன் இவ்வளவு நேரம்?

கேள்வி:
டெல்லியிலிருந்து லடாக்ல இருக்கிற லேவுக்கு வான்வழி தூரம் 620 கி.மீ.தான். ஜெட் விமானம் மணிக்கு 800 கி.மீ. போகும்னு வெச்சா 46 நிமிஷம் ஆகணும். டிக்கெட்ல 1 மணி 25 நிமிஷம் போட்டிருக்கு. மீதி நேரம் எங்கே போகுது? மதியத்துக்கு மேல தேடினா விமானமே காட்டலை, ஏன்? திரும்பும்போது டெல்லியில அடுத்த விமானத்துக்கு எவ்வளவு இடைவெளி விடணும்?

பதில் 1:
தூரம் சரிதான். காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம். டெல்லி விமான நிலையம் 28.57 பாகை வடக்கு, லே 34.14. இரண்டும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருப்பதால் அட்சரேகை வித்தியாசமே போதும். ஒரு பாகைக்கு 60 கடல் மைல்: 5.57 × 60 = 334 கடல் மைல். 1.852-ஆல் பெருக்கினால் 619 கி.மீ.

டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டும் இல்லை. டெல்லியில் விமானம் நகரத் தொடங்குவதிலிருந்து லேயில் வந்து நிற்கும் வரை. டெல்லியில் ரன்வேக்குப் போய்ச் சேரவே 15–20 நிமிடம் ஆகிவிடும். வானில் சுமார் ஒரு மணி நேரம். அதிலும் முழு வேகம் நடுவில் கொஞ்ச நேரம்தான், மீதியெல்லாம் ஏற்றமும் இறக்கமும்.

பதில் 2:
காலையில் மட்டும் ஏன் என்பதற்கு: லே ரன்வே 3,256 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 72 சதவீதம். காற்று மெலிந்திருப்பதால், காக்பிட்டில் 135 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) என்று காட்டும்போது உண்மையான வேகம் 159 நாட். இறங்கி நிற்கவும், ஓடி எழும்பவும் அதிக ரன்வே வேண்டும். எஞ்சினின் உந்துவிசையும் குறைவு. வெயில் ஏற ஏற அடர்த்தி இன்னும் குறையும், அப்போது ஆளையோ பெட்டியையோ குறைத்தால்தான் கிளம்ப முடியும். மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கில் காற்றும் பலமாகும்.

இன்னொன்று, கிழக்கே மலை எழுவதால் வழக்கமாக மேற்கிலிருந்து ஸ்பிதுக் மடாலயக் குன்றை ஒட்டி வந்து கிழக்கு நோக்கி (ரன்வே 07) இறங்குவார்கள், அதே ரன்வேயில் மேற்கு நோக்கியே (ரன்வே 25) கிளம்புவார்கள். விமானி ரன்வேயைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். மேகம் மூடினால் திரும்ப டெல்லிதான்.

பதில் 3:
அதனால்தான் சொல்கிறேன், லேயிலிருந்து வரும் அன்றைக்கே அடுத்த விமானம் போடாதீர்கள். ஒரு நாள் விடுங்கள். விடவே முடியாது என்றால் லேயிலிருந்து காலை முதல் விமானம், டெல்லியிலிருந்து இரவு விமானம், இரண்டும் ஒரே பி.என்.ஆர்.-இல். தனித்தனி டிக்கெட் என்றால் முதல் விமானம் ரத்தானாலும் இரண்டாவதில் நீங்கள் 'வராதவர்' கணக்குதான், பணம் போய்விடும். டெர்மினலையும் பாருங்கள்: டெல்லியில் 1-உம் 3-உம் வேறு வேறு இடம், பெட்டியை எடுத்துக்கொண்டு சாலை வழியாகத்தான் மாற வேண்டும்.

போகும்போது, உயரம் உடம்புக்குப் பழக, இறங்கிய அன்றும் மறுநாளும் லேயிலேயே ஓய்வு. கர்துங் லா கணவாய், பாங்காங் ஏரி எல்லாம் மூன்றாம் நாளிலிருந்து வைத்துக்கொள்ளுங்கள்.