டெப்ரடேஷன்: ‘கொள்ளை’ வேண்டாம், ‘இடைப்பறிப்பு’ சரிவருமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். தூண்டிலில் மாட்டிய மீனைக் கடல்நாய் (சீல்) பிடுங்கிக்கொண்டு போவதை ஆங்கிலத்தில் டெப்ரடேஷன் என்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று போன வாரம் ஆரம்பித்த இழைக்கு இந்தப் பதில். இதுவரை வந்த பரிந்துரைகள் நான்கு: மீன்கொள்ளை, சூறையாடல், தூண்டிற்பறி, கவர்வு. நான்கையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், வாக்கியத்தில் வைத்தும் பார்த்தேன். என் கருத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நடப்பது என்ன என்று பார்த்துவிடலாம். நான் அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கிறேன். செப்டம்பர், அக்டோபரில் கேப் காட் தீபகற்பத்தின் அட்லாண்டிக் பக்கத்துக் கரையில் நின்று ஸ்ட்ரைப்டு பாஸுக்குத் தூண்டில் போடுவேன். உடம்பில் நீளவாக்கில் கறுப்புக் கோடுகள் ஓடும் மீன். பார்த்திராதவர்கள் நம் கொடுவாவைக் கோடு போட்டு நினைத்துக்கொள்ளலாம். ஒரு நாள் பொழுது சாயும் நேரம் நல்ல மீன் ஒன்று மாட்டியது. கோல் வளைந்து, தூண்டில் நரம்பு விட்டு விட்டு இழுபட்டது. பாதித் தூரம் கொண்டுவந்திருப்பேன், அந்தத் துள்ளல் சட்டென்று நின்றுபோய் வெறும் பாரம் மட்டும் தெரிந்தது. பாசியில் சிக்கிவிட்டதோ என்று நினைத்தேன். அலை மடியும் இடத்துக்கு அப்பால் குதிரை முகம் போல ஒரு தலை மேலே வந்தது, வாயில் குறுக்காக என் மீன். கடைசியில் கரைக்கு வந்தது தலை மட்டும்தான். செவுளுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. முள் அதன் உதட்டோரத்தில் குத்தியபடியே இருந்தது.

இதில் மூன்று கட்டம் இருக்கிறது. மீன் மாட்டுவதற்கு முன்பே இரையைத் தின்றுவிட்டுப் போவது ஒன்று. மாட்டிய மீனைக் கைக்கு வருமுன் பிடுங்குவது இன்னொன்று. நாமே முள்ளைக் கழற்றித் திரும்பக் கடலில் விட்ட மீன், களைத்துத் தடுமாறும்போது பிடித்துத் தின்பது மூன்றாவது. டெப்ரடேஷன் என்று ஆய்வாளர்கள் எழுதும்போது பெரும்பாலும் நடுவில் இருப்பதைத்தான் சொல்கிறார்கள். சிலர் இரையையும் சேர்த்துக்கொள்வார்கள். மூன்றாவதை ‘விடுவித்த பின் கொன்றுண்ணல்’ என்று தனியாக வைப்பார்கள். இந்தப் பிரிவு மயிர்பிளக்கிற வேலை இல்லை. இங்கே 2023 முதல் 28 அங்குலத்துக்குக் குறையாத, 31 அங்குலத்தை எட்டாத பாஸ் ஒன்றை மட்டும்தான் ஒருவர் ஒரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். மற்றதெல்லாம் திரும்பக் கடலுக்கு. அன்று கடல்நாய் தின்ற என் மீன் நான் வைத்துக்கொண்டதிலும் வராது, விட்டதிலும் வராது. ஆனால் செத்தது செத்ததுதான். அதைக் கணக்கில் சேர்க்கத் தனிப் பெயர் வேண்டும்.

சரி, இனிப் பரிந்துரைகளுக்கு வருகிறேன். முதலில் ‘மீன்கொள்ளை’. அதைச் சொன்ன நண்பர் எழுதியது:

> கடல்நாய் செய்வது கொள்ளைதானே? அகராதியிலும் அந்தப் பொருள்தான் இருக்கிறது. அப்படியே சொல்வோமே.

இந்த இடத்தில்தான் நான் உறுதியாக மறுக்கிறேன். அகராதிப் பொருள் சரி. ஆனால் கொள்ளை என்றதும் கொள்ளைக்காரன் வந்துவிடுகிறான், அவனுக்குத் தண்டனையும் கூடவே வந்துவிடுகிறது. இந்தக் கரையில் அது நடந்தே இருக்கிறது. மீனவர்களின் மீனைத் தின்கிறது என்று சொல்லி, கடல்நாயைக் கொன்று மூக்கைக் கொண்டுவந்து காட்டினால் மாநிலமே 5 டாலர் கொடுத்தது. 1962 வரை அந்த வழக்கம் இருந்தது. சாம்பல் நிறக் கடல்நாய் இந்தப் பக்கத்தில் கிட்டத்தட்ட இல்லாமலே போயிற்று. 1972-இல் கடல்வாழ் பாலூட்டிகளைக் காக்கும் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு மெல்ல மெல்லத் திரும்பி வந்து, இன்று மோனமாய், நான்டக்கெட் பக்கத்து மணல்திட்டுகளில் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. அவற்றின் பின்னாலேயே பெரிய வெள்ளைச் சுறாவும் வந்தது. இப்போதும் கரையில் நிற்பவர்கள் பலர் கடும் கோபத்தில்தான் பேசுகிறார்கள். ஒரு மாலை முழுவதும் நின்று ஒரு மீனும் மிஞ்சாதவருக்கு அந்தக் கோபம் வராமல் இருக்குமா? எனக்கும் வந்தது. ஆனாலும் கலைச்சொல்லே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. முள்ளில் மாட்டித் துடிக்கிற மீனும் கடல்நாய்க்கு வெறும் இரைதான்.

‘சூறையாடல்’ என்பதிலும் அதே குறை. அதோடு நம் கடற்கரையில் சூறை என்பது ஒரு மீனின் பெயர், டூனா என்கிறார்களே அதுதான். சூறைமீன் பிடிக்கும் நீளக்கயிற்றுத் தூண்டில்களில் (ஒரே நீளக் கயிற்றில் வரிசையாகப் பல முட்கள் தொங்குபவை) சுறா கடித்துவிட்டுப் போவது உலகம் முழுக்க உள்ள தொல்லை. அதை எழுதும்போது ‘சூறைமீன் சூறை’ என்று வந்து நிற்கும்.

‘தூண்டிற்பறி’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் பறி என்பது மீன் பிடிக்கிற கூடை. எங்கள் ஊர் வாய்க்கால் மடையில் மூங்கில் பறி வைத்து, விடிந்ததும் போய் எடுப்பார்கள். மீனைப் பிடிக்கும் கருவியின் பெயரையே மீனை இழப்பதற்கும் வைத்தால், அந்தக் கூடையைத் தெரிந்தவர்தான் முதலில் தடுமாறுவார்.

‘கவர்வு’ அழகான பழஞ்சொல். ஆனால் இன்று கவர்தல் என்றால் ஈர்த்தல் என்றுதான் மனத்தில் விழுகிறது. இந்தத் துறையில் ஈர்ப்பும் தனியாகப் பேசவேண்டிய விஷயம். விரட்டுவதற்காகத் தண்ணீருக்குள் ஒலி எழுப்பும் கருவிகளையே சில கடல்நாய்கள் சாப்பாட்டு மணியாக எடுத்துக்கொண்டு வந்துவிடுகின்றன என்பது பழைய புகார். ‘கடல்நாய்க் கவர்வு’ என்றால் இதில் எது என்று எப்படித் தெரியும்?

நான் முன்வைப்பது இடைப்பறிப்பு. மாட்டியதற்கும் கைக்கு வருவதற்கும் இடையில் பறிபோவது. ‘பறி’யை அப்படியே நிறுத்தாமல் ‘பறிப்பு’ என்று செயலாக்கினால் கூடையோடு குழம்பாது. வழிப்பறி என்பதில் குற்றவாடை இருக்கிறதே என்று கேட்கலாம். ஆனால் பூப்பறிக்கிறோம், காய் பறிக்கிறோம், குரங்கு கையிலிருந்து பழத்தைப் பறித்துக்கொண்டு ஓடுகிறது. வன்மை உண்டு, பழி இல்லை. இழந்தவரின் வருத்தமும் அதில் கேட்கிறது. ‘உண்ணல்’ என்று மழுப்பியிருந்தால் அது கேட்காது.

வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: ‘இன்று மாட்டிய 5 மீன்களில் 2 இடைப்பறிப்பில் போயின.’ ‘இடைப்பறிப்பு விகிதம்.’ ‘இடைப்பறிக்கும் விலங்குகள்.’ கரைத்தூண்டிலுக்கு மட்டும் பொருந்தினால் போதாது என்று அலாஸ்காவையும் வைத்துப் பார்த்தேன். அங்கே சேபிள் என்ற மீனைப் பிடிக்கும் நீளக்கயிற்றைத் தூக்கும்போது எண்ணெய்த் திமிங்கிலம் வந்து ஒவ்வொன்றாக உருவிக்கொள்கிறது. தெற்கு இந்தியப் பெருங்கடலில் க்ரோசே தீவுகளைச் சுற்றிக் கொலைத்திமிங்கிலங்கள் இதையே செய்கின்றன, சில சமயம் முள்ளில் உதடு மட்டும் மிஞ்சி மேலே வரும். இரண்டுக்கும் இடைப்பறிப்பு தடங்கலில்லாமல் பொருந்துகிறது. இரையை மட்டும் இழப்பதற்கு ‘இரைப்பறிப்பு’ என்று அதே வாய்பாட்டில் வைத்துவிடலாம். விட்ட மீனுக்கு ‘விடுமீன் கொன்றுண்ணல்’ என்பது நீளமாக இருக்கிறது. அதற்கு யாராவது நல்லதாகச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு தயக்கம் உண்டு. வலையில் கிடக்கும் மீனை ஓங்கில் (டால்பின்) கடித்து உருவிக்கொண்டு போவது நம் மீனவர்களுக்குப் பழகிய விஷயம். அதற்கு அவர்கள் நாவில் ஏற்கெனவே ஒரு சொல் இருந்தால் நான் இதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். குமரி, ராமநாதபுரம், யாழ்ப்பாணப் பக்கம் இருப்பவர்கள் யாராவது படகு திரும்பும் நேரத்தில் கரையில் நின்று கேட்டு எழுத முடியுமா?

அன்புடன்,
கேப் காட் கரையிலிருந்து ஒரு தூண்டில்காரன்