பள்ளி வரி வாக்கெடுப்பு: சியாட்டில் அன்பர்களின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். சியாட்டில் பள்ளி மாவட்டத்தின் (ஊரின் பொதுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) சொத்து வரி வாக்கெடுப்பைப் பற்றி, புதிதாகக் குடியுரிமை பெற்ற எங்கள் பகுதிப் பெரியவர்களுக்காகத் தமிழில் ஒரு குறிப்பு தயாரித்து வருகிறேன்.

வாஷிங்டன் மாநிலத்தின் 2019-ஆம் ஆண்டுச் சட்டம், ஆயிரம் டாலர் சொத்து மதிப்புக்கு 2.50 டாலர் அல்லது மாணவர் ஒருவருக்கு 2,500 டாலர், இவற்றில் எது குறைவோ அதையே, பள்ளி மாவட்டம் வாக்காளர் ஒப்புதலுடன் பள்ளிச் செலவுக்கு வசூலிக்கும் வரிக்கு உச்சவரம்பாக்கியது. 40,000 மாணவர்களுக்குக் குறையாத பெரிய பள்ளி மாவட்டங்களுக்கு மட்டும் மாணவர் ஒருவருக்கான தொகையை 3,000 டாலராக உயர்த்தியது. நடைமுறையில் அந்தச் சலுகை சியாட்டிலுக்கே கிடைத்தது.

வீட்டு விலை ஏறினால் இந்த வரியும் தானாக ஏறிவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். உண்மையில் வாக்காளர்கள் ஒப்புதல் தருவது ஒரு மொத்தத் தொகைக்குத்தான். ஊரின் சொத்து மதிப்பு முழுவதும் கூடும்போது வரி விகிதம் இறங்கும். இதை அறியாமல், அச்சத்தினாலேயே அவர்கள் எதிர்த்து வாக்களித்துவிடக் கூடாது என்பது என் கவலை.

சொந்த வீடு உள்ளவர்கள், கடந்த சில ஆண்டுகளின் வரிச் சீட்டில் பள்ளிக்கான தொகை வரும் பகுதியை மட்டும், பெயரையும் முகவரியையும் மறைத்து அனுப்ப இயலுமா? பள்ளிச் செலவுக்கான வரிக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும், கட்டடக் கடன்பத்திரத்துக்கு 60 சதவீதம் வேண்டும் என்ற வேறுபாட்டையும் எளிமையாக எழுத வேண்டியுள்ளது. வரிக் கணக்கு அறிந்தவர் எவரேனும் குறிப்பைச் சரிபார்த்துத் தந்தால் மிகவும் கடமைப்பட்டிருப்பேன்.