நார்மன் ராக்வெல் படங்களில் அழகைத் தாண்டி என்ன இருக்கிறது?

தூரிகைநேசன்:
'சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்' என்ற அமெரிக்க இதழுக்கு அந்நாட்டு ஓவியர் ராக்வெல் வரைந்த அட்டைப் படங்களில் மூழ்கிக் கிடக்கிறேன். ஓவியம் படிக்கும் நண்பரோ, "எல்லாம் காலண்டர் படம்" என்று ஒதுக்கிவிட்டார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அவரிடம் எதைக் காட்டலாம்?

மைக்கூடு:
'பிரேக்கிங் ஹோம் டைஸ்', 1954. எனக்கு உயிரான படம். பழைய லாரியின் படிப்பலகையில் அப்பாவும் மகனும் உட்கார்ந்திருக்கிறார்கள். மகன் கல்லூரிக்குக் கிளம்புகிறான். கோட்டும் டையுமாக, ரயிலை எதிர்பார்த்து முகம் மலர்ந்திருக்கிறான். அப்பா மறுபக்கம் பார்க்கிறார். சரி, இப்போது அவர் கைகளைக் கவனியுங்கள். தன் தொப்பியோடு பையனின் தொப்பியையும் அவரே பிடித்திருக்கிறார். அதைக் கொடுத்துவிட்டால் பையன் போய்விடுவானே! அவர் வாய்விட்டுச் சொல்லாத துக்கம் நாயிடம் இருக்கிறது. பையன் முழங்காலில் தலையை வைத்துவிட்டு நகர மாட்டேன் என்கிறது. ராக்வெல்லின் மூன்று மகன்களும் வீட்டைவிட்டுப் போய்க்கொண்டிருந்த காலத்தில் வரைந்தது இது.

இதை விலைக்கு வாங்கிய கார்ட்டூனிஸ்ட் டான் டிராக்டி, தானே ஒரு நகல் வரைந்து மாட்டிவிட்டு, அசலைப் பொய்ச்சுவருக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். அவர் இறந்தபின் 2006-இல்தான் மகன்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். அதுவரை அருங்காட்சியகத்தில் ஜனங்கள் பார்த்ததும் நகலைத்தான்!

வண்ணக்கிளி:
1964-இல் 'லுக்' இதழில் வந்த ரூபி பிரிட்ஜஸ் படத்தை விட்டுவிட்டீர்களே. நியூ ஆர்லியன்ஸில் வெள்ளையர் மட்டும் படித்த பள்ளிக்கு 1960-இல் போன ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி. அவளுக்குக் காவலாக முன்னும் பின்னும் வரும் நான்கு அரசு மார்ஷல்களுக்கும் (காவல் அதிகாரிகளுக்கும்) படத்தில் தலையே இல்லை. தோளோடு சட்டகம் வெட்டிவிடுகிறது. ஆக முகம் தெரிவது அவளுக்கு மட்டும்தான். பின்சுவரில் யாரோ எறிந்த தக்காளி சிதறி வழிகிறது. வெள்ளை உடையில், கையில் நோட்டும் அடிக்கோலுமாக அவள் நேரே பார்த்து நடக்கிறாள்.

தூரிகைநேசன்:
அப்படியானால் ரூபி படத்தையே முதலில் காட்டிவிடுகிறேன். நண்பர் வாயடைத்துப் போவார்.

மைக்கூடு:
வேண்டாம் நண்பரே. அதை முதலில் காட்டினால், "வயதான பிறகு திருந்திவிட்டார்" என்று முடித்துவிடுவார். லாரிப் படத்தை முதலில் காட்டுங்கள். இரண்டு தொப்பிகளைப் பார்த்த அதே கண்தான் தக்காளியையும் அடிக்கோலையும் பார்த்திருக்கிறது. அப்புறம், கைபேசியில் காட்டாதீர்கள். அந்த அளவில் தொப்பி கண்ணில் படாது.