உரிமத் தேர்வு எழுதக் கல்லூரியே தடை சொல்லலாமா? பாத மருத்துவம் படிக்கும் மகளுக்காக ஒரு கேள்வி

கேள்வி: திருநகர் ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். நான் மதுரை திருநகரில் வசிக்கும் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியன். என் மகள் அமெரிக்காவில் பாத மருத்துவத்துக்கான டி.பி.எம். என்னும் நான்காண்டுப் படிப்பில் இரண்டாம் ஆண்டை முடித்திருக்கிறாள். வரும் ஜூலையில் உரிமத் தேர்வின் முதல் பகுதியை அவள் எழுத வேண்டும். ஆனால் கல்லூரி தானே நடத்திய மாதிரித் தேர்வில் அவளுடைய மதிப்பெண் குறைவு என்று சொல்லி, தேர்வு வாரியத்துக்கு அவளைப் பரிந்துரைக்க மறுத்துவிட்டது. இரண்டாண்டுப் பாடங்கள் அனைத்திலும் அவள் தேர்ச்சி பெற்றவள் என்பதால் இந்த முடிவு எனக்கு விளங்கவில்லை.

என் அண்ணன் சர்க்கரை நோயால் காலை இழந்தவர். புண் சிறியதாக இருந்தபோது யாரிடம் காட்டுவது என்றே எங்கள் குடும்பத்தில் எவருக்கும் தெரியவில்லை. அதைப் பார்த்து வளர்ந்ததால்தான் அவள் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தாள். வீட்டை ஈடு வைத்துக் கல்விக்கடன் வாங்கியிருக்கிறோம்.

தேர்வு எழுதவிடாமல் தடுக்கக் கல்லூரிக்கு அதிகாரம் உண்டா? ஓராண்டு தள்ளிப்போனால் விசாவும் கடனும் என்னவாகும்? ஒருவேளை அவள் ஊர் திரும்பினால் இங்கே இந்தத் தொழிலைச் செய்ய முடியுமா? கல்லூரிக்கு நான் எழுதிய மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: ஓஹியோ ரெசிடென்ட்

ஐயா, வணக்கம். நான் தேனிப் பக்கத்துக்காரன். டி.பி.எம். முடித்து, இப்போது ரெசிடென்சி எனப்படும் மூன்றாண்டு மருத்துவமனைப் பயிற்சியின் கடைசி ஆண்டில் இருக்கிறேன்.

முதலில் மின்னஞ்சலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மாணவர்களின் கல்விப் பதிவுகளைக் காக்கும் 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இங்கே உண்டு. மாணவர் எழுத்து மூலம் இசைவு தராமல் பெற்றோரிடம்கூட மதிப்பெண் விவரங்களைப் பேசக் கல்லூரிகள் தயங்கும். பதில் வராததற்குப் பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும். எனவே இனி எழுதுவதைத் தங்கை தன் பெயரில் எழுதட்டும்.

அதிகாரம் உண்டா என்றால், உண்டு. இந்தத் தேர்வைப் பாத மருத்துவத் தேசியத் தேர்வு வாரியம் நடத்துகிறது. மாணவர் விண்ணப்பித்தாலும், அவர் தகுதியானவர் என்று கல்லூரி உறுதி செய்தால்தான் முதல் பகுதிக்கு அமர முடியும். கல்லூரிகள் தங்கள் மாணவர்களின் முதல் முயற்சித் தேர்ச்சி விகிதத்தை வெளியிட வேண்டியிருப்பதால், தோற்றுவிடுவாரோ என்று ஐயப்படும் மாணவரை நிறுத்தி வைக்கும் போக்கும் இருக்கிறது. மாணவரின் நலனும் கல்லூரியின் பெயரும் இங்கே ஒன்றாகக் கலந்து கிடப்பதை நான் சரியென்று கருதவில்லை. ஆனாலும், தேர்வில் தோற்ற பதிவு ரெசிடென்சி விண்ணப்பத்தின்போது கேள்வியாக எழும் என்பதையும், முதல் பகுதியில் தேறாமல் இரண்டாம் பகுதிக்குப் போக முடியாது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

முதல் பகுதி பாதத்தைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. பொது உடற்கூறியல், கால் உடற்கூறியல், உயிர்வேதியியல், உடலியங்கியல், நுண்ணுயிரியலும் நோய் எதிர்ப்பியலும், நோய்க்குறியியல், மருந்தியல் ஆகிய அனைத்தும் ஒரே அமர்வில் வரும். ஒவ்வொரு பாடத்தையும் தனித்தனியாகப் படித்துத் தேறிய மாணவர்கூட எல்லாவற்றையும் ஒருசேர நினைவில் வைத்து எழுதும்போது தடுமாறுவதுண்டு. பாடங்களில் தேறியும் மாதிரித் தேர்வில் குறைந்ததற்கு அது காரணமாக இருக்கலாம். இன்னொன்றையும் கவனியுங்கள். தேர்ச்சிக்குரிய 75 என்பது நூற்றுக்கு 75 வினாக்களுக்குச் சரியான விடை என்று பொருள்படாது. வினாத்தாளின் கடினத்தைக் கணக்கில் கொண்டு மாற்றியமைத்த அளவுகோலில் அது ஒரு புள்ளி. ஆகவே, கல்லூரி வகுத்துக்கொண்ட விழுக்காட்டு வரம்பு அந்த 75-உடன் எப்படிப் பொருந்துகிறது என்று கேட்கத் தங்கைக்கு முழு உரிமை உண்டு. அந்த வரம்பு மாணவர் கையேட்டில் அச்சிடப்பட்டுள்ளதா, பாடவாரியான மதிப்பெண் கிடைக்குமா, மறு மாதிரித் தேர்வு உண்டா, மேல்முறையீட்டுக்குக் கடைசி நாள் எது என்று டீனுக்கு உடனே எழுதச் சொல்லுங்கள்.

விசாவில்தான் மிகுந்த கவனம் தேவை. படிப்பு நீண்டால், மாணவர் விசாவுக்காகக் கல்லூரி வழங்கும் ஐ-20 ஆவணத்தை அதன் முடிவு நாளுக்கு முன்பே நீட்டிக்க வேண்டும். தக்க கல்விக் காரணம் இருந்தால் நீட்டிப்பார்கள். ஆனால் மதிப்பெண் குறைவுக்காக மாணவரைக் கண்காணிப்பில் வைக்கும் கல்வி நடவடிக்கையாலோ இடைநீக்கத்தாலோ ஏற்பட்ட தாமதத்தை விதிகள் ஏற்பதில்லை. அதனால், இந்தத் தள்ளிவைப்பைக் கல்லூரி தன் பதிவேட்டில் எந்தச் சொல்லால் குறிக்கிறது என்பதைப் பன்னாட்டு மாணவர் அலுவலரிடம் இப்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது மிக முக்கியம்.

பதில்: அறுவை மருத்துவர், மதுரை

ஊர் திரும்புவது பற்றிய உங்கள் மூன்றாவது கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன். அமெரிக்காவில் டி.பி.எம். முடித்தவர்கள் அறுவை சிகிச்சையும் செய்கிறார்கள். அங்கேயே கணுக்கால் வரை அனுமதி உண்டா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இந்தியாவில் அந்தப் பட்டம் எம்.பி.பி.எஸ்.-க்கு இணையாகக் கொள்ளப்படுவதில்லை. வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். படித்தவர்கள் எழுதும் தகுதித் தேர்வும் இவருக்குரிய வழி அன்று. எனவே, இங்கு மருத்துவராகப் பதிவு செய்வதோ அறுவை சிகிச்சை செய்வதோ இயலாது என்று கொண்டே திட்டமிடுங்கள். துணை நிலைச் சுகாதாரத் தொழில்களுக்காக 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் பாத மருத்துவ வல்லுநரும் இடம்பெற்றிருக்கிறார். அவருக்குரிய கதவு அந்தப் பக்கமாகத்தான் இருக்கிறது.

இங்கே இந்தத் தொழிலுக்குத் தேவை இல்லை என்று மட்டும் யாரும் உங்கள் மகளிடம் சொல்லிவிட வேண்டாம். சித்திரை வெயிலில் மீனாட்சி அம்மன் கோவிலின் ஆடி வீதிக் கல்தளத்தில் வெறுங்காலுடன் நடந்து, சுட்டது தெரியாமலேயே பாதம் கொப்பளித்து வருகிற சர்க்கரை நோயாளிகளை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். பழனிக்குப் பாதயாத்திரை போய்த் திரும்பியவர்களும் அவ்வாறே வருகிறார்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்விழப்பைக் கண்டறியும் எளிய சோதனையை முன்கூட்டியே செய்திருந்தால், இவர்களில் பலரை எச்சரித்திருக்க முடியும். உணர்விழந்த பாதத்தைக் காக்கும் அறிவின் பெரும்பகுதி நம் மாநிலத்தில் பிறந்தது என்பதையும் உங்கள் மகள் அறிந்திருக்கட்டும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளிடையே பணியாற்றிய பால் பிராண்ட், 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபோது இங்கு கற்றதைத்தான் அங்கே கொண்டு சென்றார். அது சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் பயன்பட்டது.

பதில்: லீட்ஸிலிருந்து

பிரிட்டனில் இப்படி ஒரு தேசியத் தேர்வே கிடையாது. அங்கீகாரம் பெற்ற பட்டத்தை முடித்தால் சுகாதாரத் தொழில் மன்றத்தில் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு இல்லாதவர் அந்தத் தொழிற்பெயரைப் பயன்படுத்துவது குற்றம். பாடங்களில் தேர்ச்சி அளித்த கல்லூரியே பிறகு அதே மாணவரைத் தேர்வுக்கு ஆகாதவர் என்று சொல்வது முரண் என்றே எனக்குத் தோன்றுகிறது. குறை மாணவரிடம் மட்டும் இருக்க முடியாது, கற்பித்த முறையிலும் இருக்க வேண்டும். மேல்முறையீட்டில் இதை மரியாதையாக, ஆனால் அழுத்தமாகக் குறிப்பிடச் சொல்லுங்கள்.

திருநகர் ஆசிரியர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மகள் டீனுக்கு எழுதினாள். மறு மாதிரித் தேர்வுக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பாடவாரியான மதிப்பெண்ணும் வந்துவிட்டது. கால் உடற்கூறியலில் நன்றாகவே எழுதியிருக்கிறாள். மருந்தியலும் உயிர்வேதியியலும்தான் இறங்கியிருக்கின்றன. விசா பற்றிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. தம்பி, எந்தப் பாடத்தில் அவள் அதிக நேரம் செலவிட வேண்டும் என்று சொல்ல முடியுமா?

ஓஹியோ ரெசிடென்ட்

ஐயா, மருந்தியலில் செலவிடட்டும். உயிர்வேதியியலில் குறைந்த அளவே வினாக்கள் வரும்; மருந்தியலில் படிப்பது இரண்டாம் பகுதிக்கும் பின்னர் நோயாளிகளைப் பார்க்கும்போதும் உதவும். கால் உடற்கூறியலுக்கு முதல் பகுதியில் பெரும் பங்கு உண்டு என்பதால், நன்றாக வருகிறது என்று அதை ஒதுக்கிவிடாமல் நாள்தோறும் சிறிது நேரம் திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். விசா கடிதத்துக்கு இந்த வாரமும் பதில் வராவிட்டால் தங்கை அந்த அலுவலகத்துக்கு நேரில் போகட்டும். கல்விக்கடனுக்கும் அதே கடிதத்தின் நகலை உங்கள் வங்கிக் கிளையில் கொடுத்து, படிப்புக் காலம் நீளக்கூடும் என்பதைத் தவணை தொடங்குவதற்கு வெகு முன்பே எழுத்து மூலம் தெரிவித்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.