பழக் கழிவிலிருந்து ஹைட்ரஜன்: மூன்றாம் நாளில் வாயு நின்றுவிடுகிறது

கேள்வி (பொறியியல் மாணவி):
அனைவருக்கும் வணக்கம். இறுதியாண்டு ஆய்வுக்காக ஹைட்ரஜன் எடுக்க, கோயம்பேடு சந்தையில் ஒதுக்கப்பட்ட வாழைப்பழம், தக்காளி, முட்டைக்கோஸ் இலை ஆகியவற்றை அரைத்துச் சாணக் கரைசலுடன் கலந்து, 20 லிட்டர் கேனில் காற்றுப் புகாமல் வைத்தேன். இரண்டு நாள்கள் வாயு நன்றாக வந்தது. கரியமில வாயுவை நீக்கச் சுண்ணாம்புத் தெளிநீரின் வழியே செலுத்திய பின்னரும் ஒரு பகுதி எஞ்சியது. மூன்றாம் நாள் அது நின்றுவிட்டது. கரைசலில் புளித்த மோரின் வாடை வீசுகிறது. பிஎச் (அமில அளவு) தாள் 4 காட்டுகிறது, அதாவது அமிலம் மிகுந்துள்ளது. பிழை எங்கே? இவ்வாயுவால் விடுதியின் சமையலறை அடுப்பை எரிக்க இயலுமா?

பதில் 1 (நுண்ணுயிரியல் ஆசிரியர்):
அந்த மோர் வாடையே விடை, அம்மா. தோலிலும் இலையிலும் ஒட்டிவரும் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் எதையும் தராமலேயே சர்க்கரையை அமிலமாக்கிவிடுகின்றன. ஹைட்ரஜனைத் தரும் கிளாஸ்ட்ரிடியம் என்னும் பாக்டீரியா இனங்களுக்குப் பிஎச் 5.5 அளவில் இருப்பது நல்லது. 4-க்கு இறங்கினால் அவை முடங்கிவிடும். ஆகவே சமையல் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அந்த அளவைக் காத்து வாருங்கள். அதைவிட முக்கியமானது, சாணக் கரைசலை முன்னதாக அரை மணி நேரம் கொதிக்கவைப்பதாகும். மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் உருவான ஹைட்ரஜனையே உண்டுவிடும். அவை வெப்பத்தில் மடிய, கிளாஸ்ட்ரிடியமோ வெப்பம் தாங்கும் வித்துகளாக உறைந்து பிழைத்துக்கொள்ளும். அரைத்த கழிவையும் ஒருமுறை கொதிக்கவிட்டு ஆறவைப்பது நன்று. ஆரஞ்சு, சாத்துக்குடித் தோல்களைச் சேர்க்காதீர்கள்; அவற்றிலுள்ள லிமோனீன் எண்ணெய் நுண்ணுயிர்களைத் தடுக்கும்.

பதில் 2 (சாண எரிவாயுக் கலன்களைப் பராமரிப்பவர்):
அடுப்பைப் பற்றிய கேள்விக்குக் கணக்கே பதில் சொல்லும். ஒரு மூலக்கூறு குளுக்கோஸ் முழுவதும் அசிட்டிக் அமில வழியில் சென்றால் நான்கு மூலக்கூறு ஹைட்ரஜன் கிடைக்கும். பியூட்டிரிக் அமில வழியில் இரண்டுதான். அதாவது ஒரு கிலோ குளுக்கோஸுக்கு அதிகபட்சம் சுமார் 45 கிராம் ஹைட்ரஜன். வெப்ப ஆற்றலில் இது ஏறத்தாழ 120 கிராம் சமையல் எரிவாயுவுக்கு ஈடு. காய்கறிக் கழிவில் பத்தில் ஒன்பது பங்கு நீர் என்பதால், எஞ்சியது முழுவதும் சர்க்கரை என்றே வைத்துக்கொண்டாலும், 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு ஒரு டன்னுக்கும் மேற்பட்ட கழிவு தேவை. அதே சர்க்கரையை மீத்தேனாக மாற்றினால் ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஆற்றல் கிடைக்கும். அடுப்பு மட்டுமே நோக்கமென்றால் மீத்தேனே சரியான வழி என்பது என் துணிபு.

மாணவி:
மிக்க நன்றி. அவ்வாறாயின் எஞ்சிய ஆற்றல் எங்கே போகிறது?

பதில் 3 (நுண்ணுயிரியல் ஆசிரியர்):
உங்கள் கேனிலேயே, அமிலமாகக் கிடக்கிறது. ஆய்வு நோக்கில் உண்மையான வாய்ப்பு அங்கேதான் உள்ளது. ஹைட்ரஜன் எடுத்த கரைசலை இரண்டாவது கலனுக்கு மாற்றி, அங்கே கொதிக்கவைக்காத சாணத்தைச் சேர்த்துப் பிஎச் 7 அளவில் வைத்தால், அவ்வமிலங்கள் மீத்தேனாகும். வெளிச்சத்தில் வளரும் ரோடோபாக்டர் போன்ற ஊதா பாக்டீரியாக்கள் அவற்றிலிருந்து மேலும் ஹைட்ரஜன் எடுக்கவும் வல்லவை; ஆனால் அதற்கு வேண்டிய ஒளியும் பரப்பும் அதிகம். முதலில் இரண்டு கலன் முறையை முயலுங்கள். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: காற்றில் 4 முதல் 75 விழுக்காடு வரை கலந்த ஹைட்ரஜன் தீப்பற்றும், அதன் சுடர் பகலில் கண்ணுக்குப் புலப்படாது. திறந்த இடத்தில், நெருப்பின்றி, உங்கள் ஆசிரியர் உடனிருக்கும்போது மட்டுமே கேனைத் திறவுங்கள்.