குளிர்வாயுவை நெருக்கும்போது வேலை எங்கே போகிறது? – சில அனுபவங்கள்

உவர்மலை, பௌதிகவியல் ஆசிரியர்:

பேராதனையில் பொறியியல் முதலாண்டு படிக்கும் பிள்ளை ஒருத்தி விடுமுறைக்கு வந்திருந்தபோது, கொப்பியும் கையுமாக வீட்டுக்கு வந்தாள். கணக்கு இதுதான். பிஸ்டன் பொருத்திய சிலிண்டரில் குளிர்சாதனப் பெட்டிகளில் ஓடும் குளிர்வாயுவான ஆர்-134ஏ ஒரு கிலோ, 30 பாகை செல்சியசில் நிரம்பிய ஆவியாக, அதாவது சற்று நெருக்கினாலே திரவமாகத் தொடங்கும் நிலையில் இருக்கிறது. வெப்பநிலை மாறாதபடி மெல்ல மெல்ல நெருக்கி முழுவதையும் திரவமாக்க வேண்டும். செய்த வேலை எவ்வளவு, வெளியேறிய வெப்பம் எவ்வளவு?

விடையைச் சரியாகவே எடுத்துவிட்டுக் குறுக்கே வெட்டியிருந்தாள். “சேர், குடுத்த வேலை இருபது, வெளிய வந்த வெப்பம் நூற்று எழுபத்து மூன்று. இப்பிடி வராதுதானே?”

வரும். ஆவி திரவமாகிக்கொண்டிருக்கும் வரை அமுக்கம் 770 கிலோபாஸ்கலிலேயே நிற்கும். பிஸ்டன் இறங்க இறங்கத் திரவம் கூடும், அமுக்கம் கூடாது. கனவளவு 26.6 லீற்றரிலிருந்து 0.84 லீற்றருக்கு வருகிறது. இரண்டையும் பெருக்கினால் வேலை 20 கிலோயூலுக்குச் சற்றுக் கீழே. அந்த வெப்பநிலையில் மறைவெப்பம், அதாவது ஒரு கிலோ ஆவி திரவமாகும்போது வெளிவிடும் வெப்பம், 173 கிலோயூல். மிச்சம் 153 கிலோயூலும் வாயுவின் அகச்சக்தியிலிருந்து போகிறது. விலகித் திரிந்த மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சேரும்போது விடும் சக்தி அது. பிஸ்டனைத் தள்ளிய கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அவளுக்குச் சந்தேகம் ஏன் வந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. உயர்தரத்தில் நாங்கள் இலட்சிய வாயுவையே திரும்பத் திரும்பப் படிப்பிக்கிறோம். வெப்பநிலை மாறாவிட்டால் அகச்சக்தியும் மாறாது, ஆகவே கொடுத்த வேலை அப்படியே வெப்பமாக வெளியே வரும் என்பது பிள்ளைகளின் மனதில் ஊறிப்போய்விடுகிறது. இலட்சிய வாயுவுக்கு அது சரி. திரவமாகும் விளிம்பில் நிற்கும் குளிர்வாயுவுக்கு அது பொருந்தவே பொருந்தாது. அங்கே அந்த வாயுவின் இயல்புகளை அளந்து எழுதிய அட்டவணையைத்தான் நம்ப வேண்டும்.

அப்புறம் இன்னொரு கணக்கும் செய்து பார்த்தோம். 200 கிலோபாஸ்கல், 0 பாகையில் இருக்கும் அதே வாயுவை 800 கிலோபாஸ்கல், 40 பாகைக்கு நெருக்குவது. அமுக்கத்தைக் கனவளவின் ஓர் அடுக்கால் பெருக்கினால் மாறிலி வரும் என்ற வழக்கமான விதியை எடுத்துக்கொண்டால், கிலோவுக்கு வேலை ஏறத்தாழ 29 கிலோயூல். அகச்சக்தி ஏறுவது 23. வெளியேறும் வெப்பம் 6 மட்டும். அதே வாயு, அதே சிலிண்டர். பாதை மாறியதும் பங்கீடு தலைகீழாகிவிட்டது. வெட்டிய விடையை அவள் திரும்ப எழுதிக்கொண்டுதான் எழும்பினாள்.

கொட்பே, ஐஸ் பக்டரியில் வேலை செய்தவர்:

நெருக்கும்போதே வெளியேறும் என்று சேர் சொன்ன அந்த 6 கிலோயூல் மாதிரியான சங்கதியோடுதான் எங்கள் காலம் போனது. மீன்பிடி வள்ளங்களுக்கு ஐஸ் அடிக்கும் பக்டரி, குளிர்வாயுவாக அமோனியா, அதை நெருக்கக் கொம்பிரசர். உறிஞ்சும் குழாயில் பனி வெள்ளையாகப் படிந்திருக்கும். அதிலிருந்து ஒரு முழம் தள்ளி, வெளியே விடும் குழாயில் கை வைக்க முடியாது. புதிதாக வரும் பெடியன்கள் எல்லோரும் அந்த இரண்டு குழாயையும் மாறி மாறிப் பார்ப்பார்கள்.

அமோனியாவின் குணம் அப்படி. -15 பாகையில் ஆவியாகி 30 பாகையில் திரவமாகும் ஏற்பாட்டில், வெப்பம் வெளியேறாமல் நெருக்கினால் அமோனியா ஏறத்தாழ 99 பாகைக்கு ஏறும். ஆர்-134ஏ அதே இடத்தில் 37 பாகையளவில் நின்றுவிடும். அதனால்தான் அமோனியா கொம்பிரசரின் தலையைச் சுற்றித் தண்ணீர் ஓடவிடுவார்கள். வேலையால் வந்த சூட்டில் கொஞ்சத்தைத்தான் அந்தத் தண்ணீர் எடுக்கும், பெரும்பங்கு வாயு திரவமாகும் கண்டென்சரில்தான் போகும். ஆனால் அந்தக் கொஞ்சம் இல்லாவிட்டால் எண்ணெய் கருகி வால்வில் கரி பிடிக்கும். தண்ணீர் போகும் வழியில் சுண்ணாம்பு படிந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது வெளிக்குழாய் வெப்பமானிதான். நான் வேலை பழகிய பெரியவர் ஒருவர், அமுக்கமானியைப் பார்க்கும் முன்னமே அதைத்தான் பார்ப்பார். நானும் அப்படியே பழகினேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். சிலிண்டருக்குள் திரவமாக்குவது கொப்பியில் செய்யலாம், ஓடும் இயந்திரத்தில் கூடவே கூடாது. ஆவி நெருங்கிக் கொடுக்கும், திரவம் கொடுக்காது. உறிஞ்சும் பக்கத்தால் திரவம் வந்துவிட்டால் ‘டங் டங்’ என்று அடிக்கும். உடனே நிற்பாட்டாவிட்டால் வால்வுத் தட்டு உடைந்து கையில் வரும்.

நிலாவெளி, வளாக மாணவி:

கிழக்குக் கரையிலுள்ள எங்கள் ஊருக்கு இதே கணக்கு ஒவ்வொரு வருடமும் காற்றாக வருகிறது. தென்மேல் பருவத்தில் மலையைக் கடந்து வந்து அடிக்கும் உலர்ந்த சூடான காற்றான கச்சானைத்தான் சொல்கிறேன். அம்மம்மா கதவு யன்னலெல்லாம் சாத்திவிட்டு, “மலையில இருந்து நெருப்பு வருது” என்பார். நான் கேட்டுக்கொண்டே வளர்ந்தது இது. ஆனால் மலையில் நெருப்பும் இல்லை, கச்சானுக்கு யாரும் வெப்பம் கொடுப்பதும் இல்லை.

மலையின் மேற்குச் சரிவில் ஏறும்போது காற்றிலுள்ள நீராவி மழையாகிறது. சேர் சொன்ன மறைவெப்பம் அங்கே வெளிவந்து காற்றிலேயே தங்கிவிடுகிறது. இந்தப் பக்கம் இறங்கும்போது அமுக்கம் கூடிக்கூடிக் காற்று நெருக்கப்படுகிறது. உலர்ந்த காற்று ஒரு கிலோமீற்றர் இறங்கினால் ஏறத்தாழ 10 பாகை சூடாகும். பிஸ்டனுக்குப் பதில் சுற்றியுள்ள வளிமண்டலமே வேலை செய்கிறது.

1500 மீற்றரில் 18 பாகையாக இருந்த காற்றை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். கடற்கரைக்கு வரும்போது 32, 33 பாகை. வெப்பப் பரிமாற்றம் பூச்சியம் என்பதால் அகச்சக்தி ஏறியது முழுவதும் வேலைதான், ஒரு கிலோ காற்றுக்கு 10 கிலோயூலுக்குச் சற்று மேல். அம்மம்மாவுக்கும் சொன்னேன். “அப்ப மலை தள்ளுற சூடு எண்டு சொல்லு” என்றார்.